ஏறுங்க, விட்டுட்டு வாரேன்

நெதர்லாந்தில் என் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு நான் செய்த முதல் உதவி, எங்களுக்குள் மூன்று வாரம் பேச்சே இல்லாமல் போனதில் முடிந்தது. அவர் பெயர் ஹென்னி, வயது எழுபத்து மூன்று. நவம்பர் மாதத்தில் ஒரு நாள். ஊசி ஊசியாகத் தூறல், முகத்தில் அறையும் எதிர்காற்று. ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்துவிடாமல் இருக்க இங்கே நம் கண்மாய்க்கரை போல நெடுகிலும் மண்மேடு போட்டிருப்பார்கள், அதற்கு டைக் என்று பெயர். அந்த டைக்கின் மேல் ஹென்னி அம்மாள் மழைத்தொப்பியோடு குனிந்தபடி தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார். பாலாடைக்கட்டி ஆலையில் வேலை முடிந்து காரில் வந்த எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, "ஏறிக்கொள்ளுங்கள், வீட்டில் விட்டுவிடுகிறேன்" என்றேன். அவர் நின்று என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதற்கு?" என்றார். மழை பெய்கிறது என்றேன். அது தெரிகிறது என்றார். நடந்து போகிறீர்களே என்றேன். "நடக்கத்தானே வந்தேன்! என்னைப் பார்த்தால் முடியாதவள் மாதிரியா தெரிகிறது?" என்று கேட்டுவிட்டு, முன்னைவிட வேகமாக நடந்து போனார். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திருடிப் பிடிபட்டவன் போல வீடு வந்து சேர்ந்தேன்.

இந்த ஊர்க்காரர்கள் நடப்பதற்கு 'லெக்கர்' என்ற சொல்லைப் போடுவார்கள். சாப்பாடு ருசியாக இருந்தால் சொல்லும் சொல் அது. வந்த புதிதில் ஒருவர் என்னிடம் "லெக்கராக நடந்தாயா?" என்று கேட்டபோது, வழியில் ஏதாவது வாங்கித் தின்றாயா என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து, "இல்லை, வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடணும்" என்று பதில் சொன்னேன். அவர் பாவம், இவன் வீட்டில் சாப்பாட்டுக்கு ஏதோ சிக்கல் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நடையில் என்ன ருசி இருக்க முடியும் என்பது ரொம்ப நாள் எனக்கு விளங்கவில்லை. நான் ராஜபாளையத்துக்காரன். எங்கள் பக்கத்தில் ஒருவன் நடந்து போகிறான் என்றால் அவன் வண்டி பஞ்சராகியிருக்க வேண்டும், பஸ்ஸைத் தவறவிட்டிருக்க வேண்டும், அல்லது வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவனைப் பார்த்தும் பார்க்காதது போல வண்டியில் தாண்டிப் போகிறவன் மனுசனில்லை. "ஏறுங்க, விட்டுட்டு வாரேன்" என்று சொன்னால்தான் அவன் நம்மாள். இருபத்து இரண்டு வருடமாக இந்த நாட்டில் நடக்கிறேன். போன வாரம்வரை ஒருவரும் வண்டியை நிறுத்தியதில்லை, எங்கே போகிறாய் என்று கேட்டதும் இல்லை. ஆரம்பத்தில் அது சுதந்திரமாக இருந்தது. அப்புறம் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

எனக்கு இப்போது ஐம்பத்து இரண்டு. இந்த வயது எந்த ஊரில் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே ஆலையில் என்னோடு வேலை பார்க்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் போன குளிர்காலத்தில்தான் பனிச்சறுக்குப் பழக ஆரம்பித்தார். ஹென்னி அம்மாள் என்னை 'யோங்கன்' என்று கூப்பிடுவார். பையா என்று பொருள். என் மகள் பிறந்தநாளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். அது என் காலடிகளை எண்ணி, சாயங்காலமானால் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டி, இன்றைக்கு இன்னும் நடக்கவில்லையே என்று ஞாபகப்படுத்தும். மாடிப்படி ஏறும்போது முழங்காலில் ஒரு சத்தம் வருகிறது. பொடி எழுத்துப் படிக்கக் கண்ணாடியை எடுக்கப் போய், எதற்கு எழுந்தோம் என்பதை மறந்து நிற்கிறேன். ஆனாலும் டைக்கின் மேல் நடக்கும்போது நான் இளந்தாரிதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, சைக்கிளில் தாண்டிப் போகும் எழுபது வயசுப் பெண்களைப் பார்த்தும் பார்க்காமலும் நடப்பேன்.

போன ஆகஸ்டில் ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போனேன். மனைவிக்கும் மகளுக்கும் விடுப்பு கிடைக்காததால் நான் மட்டும். இறங்கிய மறுநாளே ராஜபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டப வாசலில் கால் வைத்ததும் ஒரு இளைஞர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து போட்டு, "பெரியப்பா, உக்காருங்க" என்றார். எனக்குப் பின்னால் யாரோ பெரியவர் வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டேன். பின்னால் யாரும் இல்லை. உட்கார்ந்த பிறகு வந்தவர்களெல்லாம் வரிசையாக விசாரித்தார்கள். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, முட்டுவலி உண்டா. மூன்றுக்கும் இல்லை என்று சொன்னபோது, கோயிலுக்கு வந்தவன் திருநீறு வேண்டாம் என்றதைப் போலப் பார்த்தார்கள். என் வகுப்பில் படித்த ஒருவன் மட்டும் என் தோளில் கை போட்டு, "பரவால்லடே, அடுத்த தடவ வரும்போது வந்துரும்" என்று ஆறுதல் சொன்னான்.

மறுநாள் காலையில், மேற்குமலைக் காற்று இதமாக வீசிக்கொண்டிருந்த நேரத்தில், கால்சட்டையும் ஷூவும் மாட்டிக்கொண்டு சஞ்சீவி மலைப் பக்கமாக நடக்கக் கிளம்பினேன். தெருமுனை தாண்டுவதற்குள் மூன்று வண்டி நின்றது. மூன்றாவது வண்டியில் எங்கள் பழைய அண்டைவீட்டு ரங்கராஜு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் அவர்கள். "ஏம்ரா, பண்டி லேதா?" என்றான். என்னடா, வண்டி இல்லையா என்கிறான். உடம்புக்காக நடக்கிறேன் என்று சொன்னதும் அவன் முகம் கவலையில் சுருங்கிவிட்டது. "உடம்புக்கு என்னாச்சு?" என்று வண்டியை அணைத்தான். ஒன்றுமில்லை என்று எவ்வளவு சொல்லியும் நம்பாமல், என்னைப் பின்னால் ஏற்றி மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு, நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டான். மூச்சு வாங்குவதற்கு நான் ஒன்றுமே செய்திருக்கவில்லை. அன்றைக்கு என் கடிகாரம் சாயங்காலம்வரை மணிக்கட்டைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். கோமதி அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அத்தான் அதே தெருவில் பெயின்ட், கம்பி, ஆணி விற்கும் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். அக்கா கதவைத் திறந்ததும் எனக்குத் திக்கென்றது. ஒரு வருடத்துக்குள் உடம்பு கூடி, கால் இரண்டும் வீங்கி, நடையில் ஒரு சாய்வு வந்திருந்தது. காபியைக் கொடுத்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினாள். தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், அடுத்த மாதம் பார்க்கும்போது சர்க்கரை குறையவில்லையென்றால் ஊசிக்குப் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊசி என்றால் அக்காவுக்குச் சாதாரண பயமில்லை. எங்கள் அம்மாவுக்கு ஊசியில் தொடங்கியது பிறகு கால்விரல் புண்ணாகி, விரலை எடுத்து, பாதத்தை எடுத்து, இதே வீட்டு ஜன்னலோர நாற்காலியில் அவளை இரண்டு வருடம் உட்கார வைத்து முடித்தது. புண்ணைக் கழுவிக் கட்டியவள் அக்கா. நான் வாரம் தவறாமல் தொலைபேசியில் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நடக்க வேண்டியதுதானக்கா?" என்றேன்.

"எங்கலே நடக்க?" என்றாள். "வெளிய எறங்குனா எங்க போறியன்னு கேக்காவ. எங்கயும் இல்ல, சும்மா நடக்கேன்னு எப்பிடிச் சொல்ல? கோமதிக்கு மூளை பெரண்டுபோச்சும்பாவ."

நீங்கள் ராஜபாளையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் நாயைப் பற்றித்தான் கேட்டிருப்பீர்கள். என் ஆலை மேலாளர் என் ஊர்ப்பெயரைக் கணினியில் தேடி, ஒரு வெள்ளை நாயின் படத்தைக் காட்டி, இதுவா என்று கேட்டார். ஆமாம் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் எங்களுக்குக் கூடைப்பந்தும் உண்டு. என் சிறு வயதில் சாயங்காலமானால் பந்து தரையில் குதிக்கும் சத்தம் கேட்காத தெரு குறைவு. கோமதி அக்கா பள்ளிக்கூட அணியில் ஆடியவள். இரட்டைச் சடையை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்தைத் தட்டியபடி அவள் ஓடிவந்தால் எதிரணிப் பெண்கள் ஒதுங்கி நின்று வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஒரு முறை திருநெல்வேலி அணியோடு ஆடியபோது விழுந்து முழங்கை பிய்ந்து ரத்தம் சொட்டியது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அப்புறமும் இரண்டு முறை கூடையில் போட்டாள். இருபத்தோரு வயதில் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு அவள் ஓடி நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்திருக்க மாட்டாள். எத்தனையோ கோப்பைகள் ஜெயித்த அந்தக் கால்கள் தெருவில் இறங்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தது எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருந்தது.

இங்கிருந்தே அவளுக்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கிப் போயிருந்தேன். மாட்டிவிட்டேன். சேலைக்குக் கீழே ஊதா நிற ஷூ எட்டிப் பார்த்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் இறங்கினோம். பத்தடி போவதற்குள் முதல் கேள்வி வந்தது. அக்கா கூசாமல் கடைக்கு என்றாள். கேட்டவர் விடுவாரா? என்ன வேணும் சொல்லுங்க, நான் அங்கனதான் போறேன், வாங்கியாரேன் என்றார். அக்கா யோசித்துக் கால் கிலோ வெங்காயம் என்றாள். இரண்டாவது ஆளிடம் பஸ் ஸ்டாண்டுக்கு என்று சொல்லித் தொலைத்தாள். அவர் ஆட்டோ வைத்திருந்தார். எங்கள் இருவரையும் உள்ளே தள்ளி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய், வெளிநாட்டிலிருந்து தம்பி வந்திருக்கிறாரே என்று பக்கத்திலிருந்த கடையில் ஆளுக்கொரு இலையில் சூடாகப் பால்கோவாவும் வாங்கிக் கொடுத்தார். சர்க்கரையைக் குறைக்க நடக்கப் போன அக்கா பால்கோவாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொன்னால் அவர் மனசு நோகும். நான் இரண்டு பங்கையும் சாப்பிட்டேன்.

கடையைப் பாதியில் அடைத்துவிட்டு மொபட்டில் வந்து எங்களைப் பிடித்தார் அத்தான். வேர்த்திருந்தார்.

"என்ன மாப்ள இது? அக்காவும் தம்பியும் ரோட்டுல நடந்து போறாவன்னு கடையில வந்து நாலு பேரு சொல்லிட்டுப் போறான். வீட்டுல ஏதும் சண்டையான்னு கேக்கான். ஒரு போன் போட்டா நான் வண்டியக் கொண்டாற மாட்டேனா?"

"நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு அத்தான்."

"நடக்கட்டும், நான் வேண்டாங்கல. வண்டியில போயி நடக்கட்டும்."

அதை எப்படிச் செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அத்தான் நல்ல மனிதர். நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வகைப் பாசம்தான் என்பது மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தராத பாடம். அவரை மட்டும் குறை சொல்லி என்ன? ஹென்னி அம்மாளை மழையில் துரத்திப் போய்க் காரில் ஏறச் சொன்னவன்தானே நான்.

வழியைக் கண்டுபிடித்தது அக்காதான். மறுநாள் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போயிருந்தோம். வெளியே வரும்போது ஈரச்சேலையோடு ஒரு பெண் மதிலை ஒட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள். எதிரே வந்த வண்டிகள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போயின. தெரிந்தவர்கள் கூடக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். அக்கா கோயில் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏலே, அவள ஒருத்தராவது ஏறுங்கன்னு சொல்லுதாவளா பாரு. எங்க போறன்னு கேக்காவளா பாரு."

யாரும் கேட்கவில்லை. வேண்டுதல்காரியை வண்டியில் ஏற்றினால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? அன்று சாயங்காலமே அக்கா வேண்டுதல்காரியாகிவிட்டாள். கோயில் மதிலைத் தினமும் ஏழு சுற்று, கூடமாட நான் துணைக்கு. என்ன வேண்டுதல் என்று கேட்டால் வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும். இதுதான் எங்கள் சதித்திட்டம். சுற்றுகளை எண்ண என் கடிகாரம் இருக்கிறது என்றேன். அவள் அதை நம்பவில்லை. மருந்து டப்பாவில் ஏழு புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டு, ஒரு சுற்று முடிந்ததும் ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். என் கடிகாரம் ஆறரைச் சுற்று என்று சொன்ன ஒரு நாளில் புளியங்கொட்டை ஏழு என்றது. புளியங்கொட்டைதான் ஜெயித்தது.

ஷூதான் முதல் மூன்று நாள் வழக்காக இருந்தது. எதிர்வீட்டுச் செல்வி வாசலில் நின்றபடியே கேட்டாள்: "வேண்டுதல்னா வெறுங்காலோடல்லாக்கா சுத்தணும்?" அக்கா நடையை நிறுத்தவே இல்லை. "பூக்கட்டிப் போட்டுப் பாத்து உத்தரவு வாங்கியாச்சு. இவரே வைத்தியநாதருல்லா? சுகர்க்காரி வெறுங்காலோட நடக்கப்படாதுன்னு டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே மூலை திரும்பி மறைந்துவிட்டாள். அதற்கு மேல் யாரும் ஷூவைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துச் செல்வியே கான்வாஸ் செருப்பு மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஏதோ தனி வேண்டுதலாம். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். ஒருத்திக்கு இடுப்புவலி, ஒருத்திக்குத் தூக்கமின்மை, ஒருத்திக்கு மாமியார். எல்லாரும் வெளியே சொல்லக்கூடாத வேண்டுதலைத்தான் வைத்திருந்தார்கள்.

என் கதையையும் சொல்லிவிட வேண்டும். டைக்கின் மேல் காற்றில் நடப்பதும் மடவார் வளாகத்தின் ஆவணி வெயிலில் நடப்பதும் ஒன்றில்லை. முதல் வாரம் நான்தான் முன்னால் போனேன், மூச்சை இப்படி விடு, கையை இப்படி வீசு என்று அக்காவுக்கு வகுப்பெடுத்தேன். எட்டாம் நாள் அவள் என்னோடு சமமாக வந்தாள். பத்தாம் நாள் என்னைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்த்து, "என்னலே, எதுத்த காத்தா?" என்று வேறு கேட்டாள். பதினொன்றாம் நாள் நாலாவது சுற்றில் என் கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிவது போலிருந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்காவும் மற்றவர்களும் மூலை திரும்பிப் போய்விட்டார்கள். சொல்லிவைத்தாற்போல அத்தானின் மொபட் வந்து நின்றது. "ஏறுங்க மாப்ள, விட்டுட்டு வாரேன்." நான் நாலு பக்கமும் பார்த்தேன். அந்த நேரத்தில் அந்தச் சொற்களைவிட இனிமையான தமிழை நான் கேட்டதே இல்லை. ஏறிவிட்டேன். மொபட் இரண்டாவது மூலை திரும்பியபோது, எதிரே கையை வீசிக்கொண்டு வந்தாள் அக்கா. பின்னால் நாலு பெண்கள். யாரும் நிற்கவில்லை. வண்டியைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அக்கா மட்டும் என்னைத் தாண்டும்போது, முதியோருக்குச் செய்வது போலப் பயபக்தியோடு ஒரு கும்பிடு போட்டாள்.

ஐம்பத்து இரண்டு வயது என்றால் என்னவென்று எனக்கு அந்தக் கும்பிட்டில்தான் தெரிந்தது. அவமானமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. அவள் முகம் சிவந்து, முடி கலைந்து, மேல்மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகப் பார்த்தது பந்தும் கையுமாக இருந்தபோது.

நெதர்லாந்துக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கையில் செல்வி என்னை வாசலில் பிடித்தாள்.

"எப்பண்ணே வாறிய?"

"அடுத்த வருசம் லீவுக்கு வருவேன்மா."

"லீவுக்கு இல்லண்ணே. ஒரேயடியா எப்ப வாறிய? அதுக்குத்தானே அக்கா இம்புட்டு நடக்காவ? தம்பி ஊரோட வந்து சேரணும்னுல்லா நேந்திருக்காவ. வெளிய சொல்லப்படாதுன்னாவ. நீங்க வெளியாளு இல்லல்லா, அதான் சொல்லிட்டேன்."

வேண்டுதல் என்பதே நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய கதை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அஞ்சாவது சுற்றில், மற்றவர்கள் பின்தங்கிய நேரமாகப் பார்த்து, செல்வியிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அக்கா ஒரு மூலை திரும்பும்வரை நடந்தாள்.

"மொத நாளு சும்மாத்தாம்லே சுத்துனேன். ரெண்டாவது நாளு ஒரு மாதிரியா இருந்துச்சு. சாமியச் சுத்திக்கிட்டே பொய்யி சொல்லப்படாதுல்லா? என்னத்தையாவது நெசமா வேண்டிக்கிடுவோம்னு நெனச்சேன். புள்ளைய நல்லா இருக்காவ, அவியளுக்கும் ஒண்ணும் கொறையில்ல. வேற என்ன இருக்கு எனக்குக் கேக்க? அதான் வாயில வந்துச்சு."

இருபத்து இரண்டு வருடமாக ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக் கடன், மகள் படிப்பு, மனைவியின் வேலை என்று ஒவ்வொன்றுக்கும் நியாயம் வைத்திருந்தேன். அம்மாவின் சாவுக்கு இரண்டு நாள் தாமதமாக வந்ததற்கும் நியாயம் இருந்தது. அக்கா ஒரு முறையும் என்னை வா என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. அதனால் அவளுக்கு அப்படி ஒரு ஆசை இல்லை என்று சௌகரியமாக முடிவுகட்டியிருந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. கெண்டைக்கால் வலிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"பலிச்சிருச்சுன்னா?" என்று கேட்டேன்.

"பலிச்சா நேத்திக்கடன முடிச்சு நிறுத்திரணும். பொறவு எங்க நடக்க?" அவள் ஒரு புளியங்கொட்டையை எடுத்து இடுப்பில் செருகினாள். "அதனால அவசரப்பட்டு வந்துராதலே. செத்த பொறுத்து வா. என் சுகரு எறங்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சம் இரண்டு சுற்றையும் நடந்து முடித்தோம். எதிரே வந்தவர்கள் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

திரும்பி வந்து மூன்று வாரத்தில் அக்கா பேசினாள். சர்க்கரை இறங்கியிருக்கிறதாம். ஊசி இப்போதைக்கு வேண்டாம், இதே மாதிரி நடந்துகொண்டிருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். புளியங்கொட்டை ஏழு இப்போது பதினொன்றாகியிருக்கிறது. வேண்டுதல் பலித்துவிட்டதா என்று தெருவில் கேட்கிறார்களாம். இல்லை, சாமி சோதிக்கிறார் என்று அக்கா பதில் சொல்கிறாளாம். "நல்லா சோதிக்கட்டும்," என்று தொலைபேசியில் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அங்கே சாயங்காலம் ஐந்து மணி என்றால் இங்கே எனக்கு மதிய இடைவேளை. ரொட்டியை அவசரமாக விழுங்கிவிட்டு டைக்கில் ஏறிவிடுகிறேன். அவள் சுற்றுகிற நேரம் முழுக்க நானும் நடக்கிறேன். இந்தக் கதையை எல்லாம் ஒரு நாள் ஹென்னி அம்மாளிடம் காபிக்கு உட்கார்ந்தபோது சொன்னேன். நடப்பவரை ஏற்றிக்கொள்வது எங்கள் ஊரில் பாசம் என்பதை அவருக்கு விளக்க அரை மணி நேரமானது. கேட்டு முடித்துவிட்டு, "அப்படியானால் அன்றைக்கு மழையில் என்னிடம் பாசமாகவா இருந்தாய்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எனக்கு இன்னொரு பிஸ்கட் வைத்தார். இங்கே விருந்தாளிக்கு ஒரு பிஸ்கட்தான் கணக்கு. இரண்டாவது வைத்தால் அது பெரிய காரியம்.

போன வாரம் மதியம். தூறல், எதிர்காற்று, குனிந்தபடி நடந்துகொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து சைக்கிள் மணி. ஒதுங்கினேன். ஹென்னி அம்மாள் தாண்டிப் போனார். பத்தடி போனவர் பிரேக் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, திரும்பிப் பார்த்தார். சைக்கிளின் பின்சீட்டைக் கையால் தட்டிக் காட்டினார். "ஸ்ப்ரிங் மார் ஆக்தரொப், யோங்கன்!" பின்னால் ஏறிக்கோ பையா என்கிறார். எழுபத்து மூன்று வயது அம்மாள், மழையில், எதிர்காற்றில், என்னை வைத்து மிதிக்கப் போகிறாராம். "எங்கே போகிறாய்?" என்றும் கேட்டார்.

இருபத்து இரண்டு வருடத்தில் இந்த நாட்டில் என்னை முதன்முதலாக ஒருவர் அப்படிக் கேட்கிறார். ஏறியிருப்பேன். ஆனால் மடவார் வளாகத்தில் அந்நேரம் அக்காவுக்கு நாலாவது சுற்று.

"ஏறக் கூடாது," என்றேன். "வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

வெளியே சொல்லக்கூடாது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மிதித்துப் போனார். சொல்லத்தான் நினைத்தேன். அவள் நான் வர வேண்டுமென்று நடக்கிறாள். அவள் நடை நிற்கக்கூடாதென்று நான் வேண்டிக்கொண்டு நடக்கிறேன். வைத்தியநாதர் பாவம், எங்களில் யார் பேச்சைக் கேட்பார்? காற்று முகத்தில் அடித்தது. சட்டைப்பையில், கிளம்பும்போது அக்கா திணித்துவிட்ட ஒரு பிடி புளியங்கொட்டை. ஒன்றை எடுத்து மறுபக்கப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.